ஏழு வருஷமா என் பாட்டுக்கு லைசென்ஸ் வாங்க ஆள் தேடுறேன்: 63 வயசுக்காரனோட அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், இது ஒரு வாரம் யூஸ் பண்ணிட்டு ஸ்டார் போடுற ரிவ்யூ இல்ல. 2018 கடைசியில ஆரம்பிச்சேன், மூணு மியூசிக் லைப்ரரி (படம், சீரியலுக்குக் குடுக்க பாட்டு சேர்த்து வைக்கிற கம்பெனிங்க), காசு கட்டி பாட்டு அனுப்புற சர்வீஸ் ஒண்ணு, நடுவுல கொஞ்ச நாள் ஒரு ஏஜென்ட்டு, எல்லாத்தையும் பார்த்தாச்சு. இப்போதைக்கு 41 டிராக் வெளியில கிடக்கு, அதுல படம், சீரியல், டாக்குமென்டரின்னு மொத்தம் ஏழு தடவை யூஸ் ஆகியிருக்கு. ஏழுல ஒண்ணு மட்டும்தான் சொல்லிக்கிற மாதிரி காசு, மத்ததெல்லாம் ஸ்டூடியோ கரண்ட் பில்லுக்கு சரியாப் போச்சு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு பாட்டை காட்சியோட சேர்த்து வைக்க குடுக்குற அனுமதிக்குத்தான் சிங்க் லைசென்ஸ்னு பேரு. ஒரு பாட்டுக்கு ரெண்டு சொத்து இருக்கு, எழுதின பாட்டு ஒண்ணு, அதைப் பதிவு பண்ண ரெக்கார்டிங் இன்னொண்ணு, அதைத்தான் மாஸ்டர்ங்கிறாங்க. படம் எடுக்குறவனுக்கு ரெண்டு பேர் அனுமதியும் வேணும். ரெண்டும் ஒரே ஆள் கையில இருந்தா ஒன் ஸ்டாப், அந்த வார்த்தையைக் கேட்டாலே, படத்துக்குப் பாட்டு தேடி எடுக்குற மியூசிக் சூப்பர்வைசர் முகத்துல சிரிப்பு வரும். எனக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆச்சு, அதுவும் ஒரு சான்ஸை கோட்டை விட்டதுக்கு அப்புறம்.

ஆரம்பத்துல நான் பண்ணதெல்லாம் தப்பு. எல்லாரும் சொல்றாங்களேன்னு பிரீஃப் பார்த்து பாட்டு எழுத உட்கார்ந்தேன். பிரீஃப்ங்கிறது "இந்த மூட்ல, இந்த ஸ்பீட்ல, இந்த மாதிரி ஒரு பாட்டு வேணும், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள"ன்னு வர்ற கேட்பு. இளவட்டம் எழுதுற மாதிரி எழுதப் பார்த்தேன். கேட்டா எனக்கே சிரிப்பு வந்துச்சு, பேரனோட சட்டையைப் போட்டுட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. முதல் ரெண்டு வருஷத்துல இப்படி எழுதின 30 சொச்சம் பாட்டுல ஒண்ணு கூட போகல.

அந்த காசு கட்டுற சர்வீஸைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், பேர் வேண்டாம். வருஷ சந்தா, அது போக ஒவ்வொரு பாட்டு அனுப்பும்போதும் தனியா ஒரு தொகை. யாரோ கேட்டு ஒரு ஃபார்ம்ல கருத்து எழுதி அனுப்புவாங்க. எனக்கு வந்ததுல நல்லா ஞாபகம் இருக்குறது, "மெலடி நல்லா இருக்கு, ஆனா சவுண்ட் ரொம்ப பழசா இருக்கு". 1987ல போட்ட டெமோவை அனுப்பினா பழசா இல்லாம எப்படி இருக்கும். சரி அவங்க சொல்றதும் நியாயம்தானேன்னு அந்தப் பாட்டை ஓரமா வச்சிட்டேன், சந்தாவையும் மூணாவது வருஷம் நிறுத்திட்டேன். ஏமாத்துறாங்கன்னு சொல்ல மாட்டேன், கத்துக்கிட்டதும் உண்டு, ஆனா கத்துக்கிட்டதுக்கு அந்தக் காசு அதிகம்.

அந்த 1987 டெமோதான் பின்னாடி கதையே.

அதை ரெக்கார்ட் பண்ணது ஃபோர் டிராக் கேசட் மெஷின்ல, அதாவது ஒரே கேசட்ல நாலு பதிவைத் தனித்தனியா வைக்கிறது. 1979ல டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோன்னு ஒண்ணு விட்டாங்களே, அந்த ஜாதி. அதுல ஒரு வேடிக்கை என்னன்னா, சாதா டெக் மாதிரி ரெண்டு பக்கம் கிடையாது, டேப்போட முழு அகலத்துலயும் நாலு டிராக்கும் ஒரே திசையில ஓடும், வேகமும் என் மெஷின்ல ரெண்டு மடங்கு. அந்த கேசட்டை எடுத்து சாதா டேப் ரெக்கார்டர்ல போட்டா பாதி ஸ்பீட்ல பேய் பாடுற மாதிரி கேட்கும், திருப்பிப் போட்டா மீதி ரெண்டு டிராக் பின்னோக்கி ஓடும். நான் பல வருஷமா டேப் கெட்டுப் போச்சுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். 2020ல வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தப்போதான் பரண்ல இருந்து மெஷினை இறக்கினேன். உள்ள இருந்த ரப்பர் பெல்ட் உருகி கறுப்பு வெல்லப்பாகு மாதிரி கப்பியில ஒட்டியிருந்துச்சு, ஸ்பிரிட் வச்சு துடைச்சு முடிக்க ஒரு நாள், விரலெல்லாம் மை. புது பெல்ட் போட்டு, ரெண்டு கேசட்ல டேப்பை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பேட் கழண்டு விழுந்திருந்துச்சு, அந்த டேப்பை வேற கேசட் கூட்டுக்கு மாத்தி, நாலு டிராக்கையும் தனித்தனியா கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்.

ஏத்தினப்போதான் உறைச்சுச்சு, இது தானாவே ஸ்டெம் ஆச்சேன்னு. ஸ்டெம்னா டிரம் தனி, பாஸ் தனி, குரல் தனின்னு பிரிச்சுக் குடுக்குறது. வசனம் வர்ற இடத்துல குரலை இறக்கிட்டு மியூசிக்கை மட்டும் ஓட விட எடிட்டருக்கு இது வேணும். ஸ்டீரியோ மிக்ஸ் மட்டும் வச்சிருக்குற ஆளுங்க இதுக்காக இப்போ சாஃப்ட்வேர் வச்சு பிரிக்கிறாங்க, எனக்கு 1987லயே பிரிஞ்சு கிடந்துச்சு.

ஒரே பிரச்சனை, அந்தக் காலத்து என் பாட்டு எல்லாமே கடைசியில மெல்ல மெல்ல சத்தம் குறைஞ்சு ஃபேட் ஆகி முடியும். அப்போ அதுதான் ஸ்டைல். எடிட்டருங்களுக்கு அது சுத்தமா பிடிக்காது, "டன்"னு ஒரு இடத்துல முடியணும், அந்த இடத்துல சீன் வெட்டணும். டேப்ல ஃபேட் ஆகாம நாங்க வாசிச்சு முடிக்கிறது வரைக்கும் பதிவாகியிருந்துச்சு, கடைசியில யாரோ இருமுறது கூட கேட்குது, இருமலுக்கு முன்னாடி வெட்டி ஒரு முடிவு பண்ணினேன். இன்ஸ்ட்ருமென்டல் ஒண்ணு, 60 செகண்ட் ஒண்ணு, 30 செகண்ட் ஒண்ணு. எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ், வீடியோக்காரங்களுக்கு அதுதான் பழக்கம். கூடவே எம்பி3ல பேர், போன் நம்பர், யாருக்கு எத்தனை பங்குன்னு எல்லா விவரமும் உள்ளயே எழுதி வைக்கணும். வேவ் ஃபைல்ல இதெல்லாம் ஒழுங்கா நிக்காது, அதனால அந்த எம்பி3யைக் கட்டாயம் சேர்த்து அனுப்புங்க. ஐஎஸ்ஆர்சின்னு 12 எழுத்து நம்பர், அது ரெக்கார்டிங்குக்கு, பாட்டுக்கு இல்ல. இன்ஸ்ட்ருமென்டலுக்கு வேற நம்பர் வாங்கணும், நான் முதல்ல ஒரே நம்பரையே எல்லாத்துக்கும் போட்டு குழப்பியிருக்கேன்.

இப்போ கோட்டை விட்ட கதைக்கு வர்றேன். 2019ல ராத்திரி ஒரு மெயில். ஒரு படத்துக்கு என் பாட்டு ஒண்ணு வேணும், நாளைக்கு மதியத்துக்குள்ள பாட்டு, மாஸ்டர்னு ரெண்டு பக்கமும் அனுமதி கிளியர்னு உறுதி சொல்லணும். அந்தப் பாட்டுல பாதி வரி என் கூட்டாளி எழுதினது. யாருக்கு எவ்வளவு பங்குன்னு நாங்க எழுதி வச்சுக்கவே இல்ல, அந்த வயசுல யார் எழுதுறா, டீ குடிச்சுக்கிட்டே பாட்டு போட்டோம் அவ்ளோதான். அவன் போன் எடுக்கல, ஊருக்குப் போயிருந்தான்னு பின்னாடி தெரிஞ்சுது. மறுநாள் சாயங்காலம் அவன் "அட எடுத்துக்க சொல்லுடா"ன்னு சொல்றப்போ அவங்க வேற பாட்டை வச்சு முடிச்சிட்டாங்க.

அன்னிக்கு கோபத்துல உட்கார்ந்து பழைய பாட்டு எல்லாத்துக்கும் பேப்பர் ரெடி பண்ண ஆரம்பிச்சேன். சொன்னா சின்ன வேலை, செஞ்சா ஒன்றரை வருஷம். கூட எழுதினவன்கிட்ட பங்கு ஷீட்ல கையெழுத்து. வாசிச்ச பாஸ் பிளேயர்கிட்ட, டிரம்மர்கிட்ட, என் வாசிப்பை யூஸ் பண்ணிக்கலாம்னு ஒரு ரிலீஸ். கிட்டார் வாசிச்ச நண்பன் 2011லயே தவறிட்டான், அவனோட பொண்ணைத் தேடிப் பிடிச்சேன். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "அப்பா வாசிச்சதைக் கேட்கலாமா அங்கிள்"னு கேட்டுச்சு, அவன் டிராக்கை மட்டும் தனியா போட்டுக் காட்டினேன். மூணு நிமிஷம் பேசாம கேட்டுட்டு, ஃபைல் அனுப்பச் சொல்லிட்டு கையெழுத்துப் போட்டுச்சு.

2022ல ஒரு டிவி டிராமாவுக்கு, 80கள்ல நடக்குற ஒரு கதை, கடையில ரேடியோ பாடுற மாதிரி ஒரு சீன், அதுக்குப் பாட்டு தேடினாங்க. அந்த வருஷத்து ஹிட் பாட்டை வாங்கினா பட்ஜெட் தாங்காது. இப்போ யாரையாவது வச்சு பழைய மாதிரி போட்டா காது கண்டுபிடிச்சிடும். அவங்களுக்கு வேண்டியது அந்த காலத்துலயே பதிவான, யாரும் கேட்டிராத, பேப்பர் சுத்தமா இருக்குற பாட்டு. லைப்ரரிக்காரர் அனுப்பினது நான் ஓரங்கட்டி வச்சிருந்த அதே டெமோ. ஒன் ஸ்டாப்பான்னு கேட்டாங்க, ஆமான்னு 20 நிமிஷத்துல பேப்பர் எல்லாத்தையும் அனுப்பினேன். வசனத்துக்கு அடியில 22 செகண்ட் வரும், உன்னிப்பா கேட்டாத்தான் தெரியும், என் வீட்டம்மா ரெண்டு தடவை பார்த்தும் "எப்போ வந்துச்சு"ன்னு கேட்டாங்க. அதுதான் நான் மேல சொன்ன அந்த ஒரு நல்ல காசு.

காசு எப்படி வருதுன்னா, முன்பணமா ஒரு சிங்க் ஃபீ, அதுல லைப்ரரிக்குப் பாதி எனக்குப் பாதி. அப்புறம் ஒளிபரப்பாகும்போது வர்ற ராயல்டி, இதை ஆஸ்காப், பிஎம்ஐ, பிஆர்எஸ், ஐபிஆர்எஸ் மாதிரி சொசைட்டிங்க வசூல் பண்ணிக் குடுப்பாங்க, அதுல எழுத்தாளர் பங்கு நேரா நமக்கு, பப்ளிஷர் பங்கு லைப்ரரிக்கு. இதுக்கு ஆதாரம் கியூ ஷீட். எந்த சீன்ல எந்தப் பாட்டு எத்தனை செகண்ட், யார் எழுதினது, எத்தனை சதவீதம்னு புரொடக்ஷன் கம்பெனி எழுதிக் குடுக்குற லிஸ்ட். என் பேர்ல இனிஷியல் முன்னாடி போடுறதா பின்னாடி போடுறதான்னு குழம்பி தப்பா எழுதிட்டாங்க, 14 மாசம் ஒரு பைசா வரல. கியூ ஷீட் காப்பி கேட்டு வாங்கி, சொசைட்டி எனக்குக் குடுத்த ஐபிஐ நம்பரோட கடிதம் எழுதினப்புறம்தான் வந்துச்சு. அதனால எங்க கையெழுத்துப் போட்டாலும் பேரோட அந்த நம்பரையும் சேர்த்தே எழுதிப் பழகுங்க. இன்னொண்ணு, அமெரிக்காவுல தியேட்டர்ல படம் ஓடுறதுக்கு இந்த ராயல்டி கிடையாது, டிவிக்கு வந்தாத்தான் உண்டு. ஐரோப்பாவுல பல நாட்டுல தியேட்டருக்கும் உண்டு. படம்னதும் கணக்குப் போட்டு கனவு காணாதீங்க, நான் கண்டேன்.

லைப்ரரி விஷயத்துல நான் பட்டது ரெண்டு. நான்-எக்ஸ்க்ளூசிவ் தானே, அவங்களுக்கு மட்டும்னு இல்லையேன்னு ஒரே பாட்டை ரெண்டு இடத்துல குடுத்தேன், அவங்க ஆளுக்கொரு தலைப்பு மாத்தி வச்சாங்க. ஒரு சூப்பர்வைசருக்கு அதே பாட்டு ரெண்டு பேர்ல ரெண்டு விலையில போய் நின்னுச்சு. வம்பு எதுக்குன்னு ரெண்டையும் விட்டுட்டாரு. அடுத்தது, ஸ்ட்ரீமிங்ல ஏத்துறப்போ டிஸ்ட்ரிபியூட்டர் ஃபார்ம்ல யூடியூப் கன்டென்ட் ஐடிங்கிற பெட்டியை கவனிக்காம டிக் பண்ணிட்டேன், அது யார் வீடியோவுல என் பாட்டு வந்தாலும் தானா கண்டுபிடிச்சு உரிமை கேட்கும். காசு குடுத்து என் பாட்டை வாங்கின டாக்குமென்டரிக்காரரோட டிரெய்லர் மேலயே கிளெய்ம் விழுந்துச்சு. அவர்கிட்ட நான் மன்னிப்பு கேட்ட மாதிரி வாழ்க்கையில யார்கிட்டயும் கேட்டதில்ல.

எக்ஸ்க்ளூசிவ்னா, அதாவது அவங்களுக்கு மட்டும்னு குடுக்குறதுன்னா, திருப்பி வாங்குற தேதி இருக்கான்னு மட்டும் பாருங்க. மூணு வருஷத்துல ஒண்ணும் நடக்கலைன்னா பாட்டு எனக்கே திரும்பணும்னு எழுதாத அக்ரிமென்ட்ல இப்போ நான் கையெழுத்துப் போடுறதில்ல, இந்த வயசுல ஆயுசு முழுக்கன்னு எழுதிக் குடுக்க நமக்கு என்ன அவசரம். போன வருஷம் வந்த ஒரு அக்ரிமென்ட்ல நடுவுல ஒரு வரி, பாட்டை மெஷின் லேர்னிங்குக்கு, அதாவது ஏஐக்குப் பயிற்சி குடுக்க, யூஸ் பண்ணிக்கலாம்னு. அதை அடிச்சிட்டு அனுப்பினேன், ஒண்ணும் சொல்லாம ஏத்துக்கிட்டாங்க. அடிக்கிறவங்க அடிக்கட்டும்னு வச்சிருக்காங்க போல.

வயசு தடையான்னு கேட்டா, லைப்ரரி பக்கம் யாரும் கேட்கவே இல்ல, மெயில்ல நரை தெரியாதே. அந்த ஏஜென்ட்டு மட்டும் ஃபாலோயர் எத்தனைன்னு கேட்டாரு, சொன்னேன், அதோட அவர் மெயில் நின்னு போச்சு.

இப்போ இன்னும் 11 கேசட் பாக்கி. அதுல ஒண்ணுல லேபிள் இல்ல. போட்டுப் பார்த்தா நாலாவது டிராக்ல ஒரு பொண்ணு என்னோட சேர்ந்து பாடுது. மொத்தப் பெட்டியிலயும் இதுக்கு நிகரா ஒரு பாட்டு இல்ல, லைப்ரரிக்காரர் ஒரு தடவை கேட்டுட்டு உடனே வேணும்னாரு. கூட்டாளிக்கு ஞாபகம் இல்ல, டிரம்மருக்கும் ஞாபகம் இல்ல, பாஸ் வாசிச்சவர் யாரோ ஸ்டூடியோவுக்கு வந்தவங்கன்னு மட்டும் சொல்றாரு. கையெழுத்து வாங்க ஆள் யாருன்னே தெரியாம அந்தப் பாட்டை லிஸ்ட்லயே ஏத்தாம வச்சிருக்கேன். அந்தக் குரலை எடுத்துட்டு வேற யாரையாவது பாட வைக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த டிராக்கை மியூட் பண்ணியும் பார்த்தேன். நல்லா இல்ல.