ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு: ஓஎஸ் போடறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணிடுங்க

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. நம்ம ஜெராக்ஸ் கடை பிசி நாலாம் தலைமுறை ஐ3, ஹெச்81 மதர்போர்டு, விண்டோஸ் 11 அதை வாசல்லயே நிறுத்திடும், சரி லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டுக்கலாம்னு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிட்டு வந்து உக்காந்தேன். கும்பகோணத்துல அன்னிக்கு விடியக்காலைலேர்ந்து மழை, கடைக்கு ஈ காக்கா வரல, ஓஎஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங்ஸ் உள்ள போய்ப் பாத்தா சாட்டா மோடுக்கு, அதாவது டிஸ்க்கோட எந்த முறையில பேசணும்ங்கற செட்டிங்குக்கு, நேரா ஐடிஇ-ன்னு நிக்குது. பத்து வருஷத்துக்கு மேல அப்படியேதான் ஓடியிருக்கு. அசெம்பிள் பண்ணிக் குடுத்தவர் எதுக்கு அப்படி வச்சாரோ, நானும் ஒரு நாள் கூட எட்டிப் பாத்ததில்ல.

அன்னிக்கு அதை ஏஹெச்சிஐ-க்கு மாத்திட்டுதான் மின்ட் போட்டேன். நான் எந்தப் பக்கம்னு இப்பவே தெரிஞ்சிருக்கும், அதனால நடுநிலைன்னெல்லாம் வேஷம் போடல.

தலைப்புல சொன்ன மூணு மோடும் என்னன்னு சுருக்கமா. ஐடிஇ மோடுங்கறது சாட்டா டிஸ்க்கை அந்தக் காலத்துப் பட்டை கேபிள் டிஸ்க்கு மாதிரி ஓஎஸ் முன்னாடி நடிக்க வைக்கறது, பழைய ஓஎஸ் ஏமாந்து வேலை செய்யும், அவ்வளவுதான். ஏஹெச்சிஐ சாட்டாவுக்குன்னே இன்டெல் 2004-ல கொண்டு வந்த முறை. ரெய்டு, சில போர்டுல ஆர்எஸ்டின்னு இருக்கும், அது ஏஹெச்சிஐ செய்யறதைச் செஞ்சுகிட்டே மேல ரெண்டு மூணு டிஸ்க்கை ஒண்ணா கட்டிக் காட்டும். ஒரே டிஸ்க்கு இருந்தா கட்டறதுக்கு என்ன இருக்கு, ஆனாலும் நிறைய லேப்டாப் கம்பெனிலேர்ந்து வரும்போதே இதுலதான் வருது.

வேகத்தைப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. கேஸ் சிலிண்டர் போடறவர் புக்கிங் வந்த வரிசைலயே போனா மடத்துத் தெருவுல ஒண்ணு, டபீர் தெருவுல ஒண்ணு, மறுபடி மடத்துத் தெருவுக்கே திரும்பி வந்து ஒண்ணுன்னு அலையணும். கையில 32 சீட்டைக் குடுத்து நீங்களே தோதா பாத்துப் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டா ஒரே நடையில முடிச்சிடுவார். ஏஹெச்சிஐ-ல வர்ற என்சிகியூ, அதாவது வந்த வேலைகளை டிஸ்க்கே தோதா வரிசை மாத்திக்கற வசதி, அந்த வேலையைத்தான் பண்ணுது, ஐடிஇ-ல அது கிடையாது. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, சுத்தற டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டப்ப வந்த வித்தியாசத்துக்கு முன்னாடி இது கண்ணுக்கே தெரியல. ஐடிஇ-லயும் ஒரு தடவை போட்டுப் பாத்தேன், பிரவுசர் திறக்கறதுலயோ பிடிஎஃப் பிரிண்ட் போறதுலயோ என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. ஹெச்81-ல ரெண்டு போர்ட்தான் 6 ஜிகாபிட், மத்த ரெண்டும் 3, எஸ்எஸ்டியை எதுல சொருகுறோம்னு பாக்கறது இதை விட முக்கியம்.

அப்ப எதை வச்சு முடிவு பண்றது? என்னைக் கேட்டா ஒரே கேள்விதான், நாளைக்கு போர்டு போச்சுன்னா இந்த டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினா என்ன ஆகும்?

டெல்டாவுல இருக்கறவங்களுக்கு இதை விளக்கணும்னு இல்ல. ஐப்பசி கார்த்திகைல இடி இடிச்சா ஒரு தெருவுல ரெண்டு டிவி போகும், கோடையில பம்ப்செட் எல்லாம் ஒண்ணா ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்கி எஸ்எம்பிஎஸ்ங்கற பவர் சப்ளை பெட்டி போகும், போகும்போது சில சமயம் போர்டையும் கூட்டிகிட்டுப் போகும். நான் பாத்த வரைக்கும் டிஸ்க்கு தப்பிச்சிடும், போர்டுதான் முதல்ல மண்டையைப் போடும். பழைய மாடலுக்குப் புது போர்டு எங்க கிடைக்குது, செகண்ட்ஸ்ல எது அம்பிடுதோ அதுதான். ஆக உங்க டிஸ்க்கு தன் ஆயுசுல ரெண்டு மூணு போர்டுல குடித்தனம் பண்ணும்னு வச்சுகிட்டே செட் பண்ணணும்.

இங்கதான் ஏஹெச்சிஐ ஜெயிக்குது. விஸ்டாலேர்ந்தே விண்டோஸ்ல அதுக்கு டிரைவர், அதாவது டிஸ்க்கோட பேச ஓஎஸ்-க்கு வேண்டிய சாஃப்ட்வேர், கூடவே வருது, லினக்ஸ்ல கேக்கவே வேணாம். ஏஹெச்சிஐ-ல போட்ட விண்டோஸ் 10 டிஸ்க்கை வேற போர்டுல ஏஹெச்சிஐ-லயே மாட்டினா பெரும்பாலும் கொஞ்ச நேரம் 'ரெடி ஆகுது'ன்னு சுத்திட்டு எழுந்து வந்துடும், எனக்கு மூணு தடவை வந்திருக்கு. ஆர்எஸ்டி-ல போட்டதைக் கொண்டு போய் ஏஹெச்சிஐ போர்டுல மாட்டினா நீல ஸ்கிரீன், பூட் டிவைஸைத் தொட முடியலைங்கற அந்த 7பி எரர். காரணம் சிம்பிள்: விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது எந்த கண்ட்ரோலர் (டிஸ்க்கைக் கவனிக்கற சிப்) கண்ணுல பட்டுதோ அந்த டிரைவரை மட்டும்தான் பூட் நேரத்துல எழுப்பணும்னு ரெஜிஸ்ட்ரிங்கற தன் செட்டிங்ஸ் கணக்குல குறிச்சு வச்சுக்கும், மத்ததைத் தூங்க விட்டுடும். தலைப்புல 'முன்னாடியே'ன்னு போட்டது இதுக்காகத்தான்.

போட்டு முடிச்ச அப்புறம் மாத்த வழியே இல்லையான்னா, இருக்கு. விண்டோஸோட எம்எஸ்கான்ஃபிக்ங்கற கருவில பூட் பக்கத்துல சேஃப் பூட் டிக் பண்ணி, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸ் போய் மோடை மாத்தி, சேஃப் மோடுல ஒரு தடவை எழுப்பினா விண்டோஸ் தேவையான டிரைவரைத் தேடி எடுத்துக்கும், அப்புறம் டிக்கை எடுத்துட்டு சாதாரணமா போகலாம். ரெண்டு விஷயம் மட்டும் ஜாக்கிரதை. சேஃப் மோடுல பின் நம்பர் எடுக்காம பாஸ்வேர்டு கேக்கலாம், அது ஞாபகம் இருக்கணும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஓடுதுன்னா முதல்ல அதை நிறுத்தி வைங்க, ரெக்கவரி கீயையும் எழுதி வைங்க, இல்லேன்னா மோடு மாத்தின உடனே அது 48 இலக்க நம்பர் கேட்டு உக்காந்துக்கும்.

அக்கா பொண்ணு லேப்டாப் கதை இதோட இன்னொரு பக்கம். தீபாவளி லீவுக்கு வந்தவ, "மாமா, விண்டோஸ் புதுசா போடப் போறேன், டிஸ்க்கையே காட்ட மாட்டேங்குது, செத்துப் போச்சா?"ன்னு லேப்டாப்பைத் தூக்கிகிட்டு வந்து நிக்கறா. இன்ஸ்டாலர்ல எங்க போடணும்னு கேக்கற பக்கம் வெறிச்சுன்னு இருக்கு. டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும்மா, மறைஞ்சுகிட்டு இருக்குன்னேன். இன்டெல் 11-ஆம் தலைமுறைலேர்ந்து விஎம்டின்னு ஒரு கண்ட்ரோலர் வருது, அது ஆன்ல இருந்தா என்விஎம்இ டிஸ்க்கு (சாட்டா இல்லாத புது வகை எஸ்எஸ்டி) அந்த கண்ட்ரோலருக்குப் பின்னாடி போயிடும், அதோட டிரைவர் இல்லாத இன்ஸ்டாலருக்குத் தெரியாது. ரெண்டு வழி: டிரைவரைப் பென்டிரைவ்ல போட்டு லோடு டிரைவர்னு குடுக்கலாம், இல்ல பயாஸ்ல விஎம்டியையே ஆஃப் பண்ணலாம். சில லேப்டாப்ல அந்த ஆப்ஷனே தெரியாது, பயாஸோட மெயின் பக்கத்துல கண்ட்ரோலையும் எஸ்-ஐயும் சேத்து அமுக்கினாதான் வெளில வரும், இது என்ன ஒளிஞ்சு பிடிச்சு விளையாட்டோ தெரியல. எப்படியும் எல்லாத்தையும் அழிச்சுட்டுதான் போடப் போறா, பின்னாடி உபுண்டுவும் வேணுங்கறா, அதனால ஆஃப் பண்ணிட்டேன். என்விஎம்இ-க்கு ஏஹெச்சிஐ-யே கிடையாது, அது பிசிஐ எக்ஸ்பிரஸ்ல நேரா பேசற தனி ஜாதி. இருந்தாலும் ஆர்எஸ்டி, ஏஹெச்சிஐ-ன்னு ரெண்டு மட்டும் காட்டற லேப்டாப்ல ஏஹெச்சிஐ எடுத்தா என்விஎம்இ-யை மறைக்காதன்னுதான் அர்த்தம்.

அப்ப ரெய்டு யாருக்குத்தான்? பக்கத்து ஸ்டுடியோக்காரர் கல்யாண வீடியோவுக்காக ரெண்டு 2 டிபி டிஸ்க்கை ரெய்டு 0-வா, அதாவது டேட்டாவை ரெண்டு டிஸ்க்குலயும் பிரிச்சுப் பிரிச்சு எழுதற மாதிரி, கட்டி வச்சிருந்தார், எடிட்டிங் வேகமாத்தான் இருந்துது, மறுக்கல. போன மழைக்கு போர்டு போச்சு. கிடைச்ச செகண்ட்ஸ் போர்டுல ரெய்டுங்கற ஆப்ஷனே இல்ல, மாட்டினா ரெண்டு டிஸ்க்கும் தனித்தனியா ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. திருநாகேஸ்வரத்து மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து ஆல்பம் என்னாச்சுன்னு ஃபோன் மேல ஃபோன். தப்பித் தவறி எதையும் அமுக்கிடாதீங்கண்ணேன்னு சொல்லிட்டு இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல ஏத்தினேன், அதுல எம்டிஅட்எம்னு (mdadm) ஒரு கருவி இருக்கு, இன்டெல் ரெய்டு டிஸ்க்குல எழுதி வச்ச குறிப்பை அதுக்குப் படிக்கத் தெரியும். சேந்துது. ராத்திரி பூரா காப்பி ஓடுச்சு, அவரும் தூங்கல நானும் தூங்கல. இப்ப அவர் ஏஹெச்சிஐ-ல தனித்தனி டிஸ்க்கா வச்சு தினம் கடை சாத்தும்போது ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு காப்பி போடறார். ரெய்டு 1-ஆ, ரெண்டுலயும் ஒரே நகல் இருக்கற மாதிரி, கட்டியிருந்தா இவ்வளவு பாடு இருந்திருக்காதுதான், ஆனா அதுலயும் ஒரு ஃபைலைத் தெரியாம அழிச்சா ரெண்டு டிஸ்க்குலயும் சேந்தே அழியும். தனி ரெய்டு கார்டு போட்ட சர்வர் வேற கதை, அதுல நான் கை வச்சதில்ல.

ஐடிஇ-யை ஒரேயடியா தள்ளவும் முடியாது. வலங்கைமான் பக்கம் சொந்தக்கார அண்ணன் ஒருத்தர் ரைஸ் மில்லுல எடைமேடை கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி-லதான் ஓடுது, சீரியல் போர்ட் வழியா எடை வந்து விழும், அந்த சாஃப்ட்வேர் எழுதினவர் இப்ப எங்க இருக்காருன்னே தெரியாது. எக்ஸ்பி சிடில ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது, எஃப்6 அமுக்கி ஃப்ளாப்பில குடுக்கணும், இல்ல என்லைட்ங்கற சாஃப்ட்வேர் வச்சு சிடியையே திருத்தணும். அந்த போர்டு ஜி31 வேற, கூட வர்ற ஐசிஹெச்7 சிப்ல ஏஹெச்சிஐ-யே கிடையாது, பயாஸ் முழுக்கத் தேடினாலும் அகப்படாது. நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கி வச்சிட்டு ஐடிஇ-லயே விட்டிருக்கேன், டிஸ்க்கை மட்டும் அப்படியே குளோன் பண்ணி ஒண்ணு பீரோவுல இருக்கு.

போன வாரம் பாத்தப்ப, "தம்பி, கடைக்கு பண்ணின மாதிரி இதையும் மாத்திடலாமா?"ன்னார். சம்பா அறுப்பு ஆரம்பிக்கற நேரத்துல எடைமேடைல கை வைக்கவான்னு நினைச்சாலே பயமா இருந்துது. தை போகட்டும்ண்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.