பத்தாம் வகுப்பை வீட்டிலிருந்தே எழுத: தனித்தேர்வரா, திறந்தநிலைப் பள்ளியா?

எட்டாவது முடித்த கையோடு எங்கள் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைத்தோம். ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தைத் தொடங்கிவிடுவது, காலை ஏழரைக்குப் போனால் இரவு ஏழு மணி வரை சிறப்பு வகுப்பு என்றெல்லாம் அவள் படித்த தனியார் பள்ளியில் சொன்னார்கள். அது எங்களுக்கு ஒத்துவரவில்லை. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் எங்களை அறிந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இதுக்குச் சட்டத்துல இடம் இருக்கா?" என்பதுதான்.

2009-இல் வந்து 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அந்த வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. கடமை என்கிறதே தவிர, மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. 14 முடிந்த பிள்ளைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அதனால் பதின்ம வயதுப் பிள்ளையின் விஷயத்தில், வீட்டில் படிக்கலாமா என்பதைவிட, எந்தச் சான்றிதழோடு வெளியே வரப்போகிறாள் என்பதுதான் பெரிய கேள்வி.

அதற்கு முன் செய்ய வேண்டியது, பள்ளியிலிருந்து டி.சி.யை முறையாக வாங்குவது. டி.சி. தந்ததும், மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளியை விட்டுப் பொதுத் தொகுப்புக்குப் போகும். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வரும் ஆசிரியர்கள் அதை வைத்துத்தான் தேடி வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு டீச்சர் வந்தார். "ஏங்க்கா, பாப்பாவை எதுக்கு நிறுத்துனீங்க? வீட்ல எதுவும் கஷ்டமா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். டி.சி., பிறப்புச் சான்று, அவள் படிக்கும் பத்தாவது புத்தகங்கள், குறிப்பேடுகள் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். "தனித்தேர்வரா எழுதப் போறா டீச்சர்" என்றதும் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அவர்கள் வருவது குழந்தைத் தொழிலாளர்களையும் குழந்தைத் திருமணத்தையும் தடுக்க. அவர்களிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் தேர்வைத் தனியாக எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் கட்டணம் எங்களைப் போன்ற குடும்பத்துக்குக் கட்டாது, அதை விட்டுவிடுகிறேன். மிஞ்சுவது இரண்டு: மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ், தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது எந்தப் பள்ளியிலும் சேராமல், எழுதுவது.

வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோரைக் கேட்டால் பெரும்பாலும் என்ஐஓஎஸ் என்றுதான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. 14 வயது ஆனால் போதும். ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், கணிதம் வேண்டாம் என்றால் ஓவியமோ மனையியலோ எடுக்கலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். ஒரேயடியாக எல்லாத் தாளையும் எழுத வேண்டியதில்லை, பாடம் பாடமாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். தேர்ச்சிக்கு 33 மதிப்பெண். பிள்ளையின் போக்கில் படிப்பு என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. நானும் முதலில் இதைத்தான் நினைத்திருந்தேன்.

என் கணவர்தான் 2023 டிசம்பரில் வந்த ஒரு செய்தியை எடுத்துக் காட்டினார். என்ஐஓஎஸ் தரும் 10, 12-ஆம் வகுப்புச் சான்றிதழ்கள் தமிழக அரசு வேலைவாய்ப்புக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்றவை அல்ல என்று மாநிலப் பள்ளிக் கல்வித் துறை அறிவித்திருந்தது. நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கைக்கு ஆகும், மத்திய அரசுத் தேர்வுகளுக்கு ஆகும். ஆனால் மேலூர் தாலுகா அலுவலகத்தில் ஓர் இளநிலை உதவியாளர் வேலைக்கு ஆகாது. எங்களுக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இவ்வளவு யோசிக்க வேண்டுமா, அவள் அரசு வேலைக்குத்தான் போவாள் என்று என்ன நிச்சயம் என்று என் தங்கை கேட்டாள். நிச்சயம் எதுவும் இல்லை. ஆனால் மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு காலைப்பொழுதில் போய்ப் பாருங்கள். டிபன் பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதியே பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். நடுத்தரக் குடும்பத்துப் பெண் பிள்ளைக்கு இந்த ஊரில் திறந்திருக்கும் கதவுகளில் அது பெரிய கதவு. பதினான்கு வயதில் அவளுக்காக நான் எடுக்கும் முடிவால், இருபத்திரண்டு வயதில் அவள் முன்னால் அது சாத்தப்படக் கூடாது. அதோடு, 2009-இல் தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது: பத்தும் பன்னிரண்டும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது. ஆக, பட்டம் வாங்கிவிட்டால் பத்தாவதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கும் சரிப்படாது. இந்த நிலைப்பாடு நாளை மாறலாம், வழக்கோ புது ஆணையோ வரலாம். நீங்கள் முடிவெடுக்கும் நேரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. நான் மாற்றத்தை நம்பி ஒரு பிள்ளையின் ஐந்து வருடத்தை வைக்க மாட்டேன்.

தனித்தேர்வர் வழியில் இந்தச் சிக்கலே எழாது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அதே வினாத்தாள், அதே இயக்ககத்தின் சான்றிதழ். 14½ வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடமும் கட்டாயம், தேர்ச்சி 35. தமிழை முதற்பாடமாக எழுதியாக வேண்டும். அது எனக்குப் பிடித்தே இருந்தது. டிஎன்பிஎஸ்சியில் இப்போது கட்டாயமாக இருக்கும் தமிழ்த் தாளும் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் வருகிறது, குறைந்தது 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். புத்தகத்துக்கும் அலைய வேண்டாம். பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதில் கவனம் பிசகினால் ஒரு வருடம் போய்விடும் இடம் ஒன்று உண்டு, அது அறிவியல் செய்முறை. அறிவியலில் 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. நேரடித் தனித்தேர்வர்கள், அதாவது எல்லாப் பாடங்களையும் முதல் முறையாக எழுதுபவர்கள், செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக முன்பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் போய், 80 சதவீத வருகை காட்ட வேண்டும். அப்போதுதான் பொதுத்தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியும். இந்தப் பதிவுக்கான அறிவிப்பு தேர்வுக்குப் பல மாதங்கள் முன்னாலேயே வந்து போய்விடும். செய்தித்தாளில் ஒரு சின்னக் கட்டமாக வரும், அவ்வளவுதான். ஜூன் பிறந்துவிட்டால் வாரம் ஒருமுறை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் அந்தப் பயிற்சியை முடித்துவிட்டாள். முதல் நாள் தயங்கிக்கொண்டேதான் போனாள். வீட்டில் கைக்கு எட்டாத பொருள்கள் அங்கே இருந்தன. குவிலென்ஸைத் தாங்கியில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தின் பிம்பத்தைத் தலைகீழாகத் திரையில் விழவைத்து, ஸ்கேலால் தூரத்தை அளந்து குவியத் தொலைவு கண்டுபிடித்ததை அன்று இரவு சோறு பிசைந்துகொண்டே விளக்கினாள். மூன்றாவது அளவீடு மட்டும் மற்ற இரண்டோடு ஒட்டவில்லை என்று மறுநாள் போய்த் திரும்பச் செய்தாள். கூடப் பயிற்சிக்கு வந்தவர்களில் சித்தாள் வேலை பார்த்துக்கொண்டே எழுதும் ஓர் அக்காவும் உண்டு. அவரும் இவளும் இப்போதும் சந்தேகம் கேட்டுப் பேசிக்கொள்கிறார்கள்.

அப்புறம், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்த நினைப்பவர்கள் இந்த இரண்டு வழிக்கும் முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது, மறு வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் 6 முதல் 12 வரை தொடர்ந்து படித்திருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் கைவிட்டுப் போகும். எங்கள் மகள் தனியார் பள்ளியில் படித்ததால் எங்களுக்கு அந்த இழப்பு இல்லை. அவள் அரசுப் பள்ளியில் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருக்கவே மாட்டேன்.

என்ஐஓஎஸ்ஸை எடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கற்றல் குறைபாட்டால் கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கும், விளையாட்டுக்காக மாதக்கணக்கில் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும், வேறு மாநிலத்தில் குடியேறப் போகும் குடும்பத்துக்கும் அதுவே நல்லது. ஒரே மூச்சில் ஐந்து தாள் என்பது சில பிள்ளைகளுக்குத் தாங்காது.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, நாங்கள் இன்னும் அங்கே போகவில்லை. அறிவியல் குரூப் என்றால் ஆய்வகம் உள்ள பள்ளியில் சேர்த்துவிடுவதாக இருக்கிறோம். மாநில மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தால் பக்கத்து அரசுப் பள்ளியிலேயே கேட்கலாம். வணிகவியல் எடுத்தால் வீட்டிலேயே தொடர்வாள். எது வேண்டும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.