துளையை அடைத்து விற்ற எலிசபெத் காலத் தங்க நாணயம்: வாங்குபவர்கள் கவனிக்கவும்

லண்டன் நாணயக் கண்காட்சிகளில் டியூடர் அரச வம்சம் இங்கிலாந்தை ஆண்ட காலத்துத் தங்க நாணயம் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். முதலாம் எலிசபெத் காலத்து 'ஏஞ்சல்' என்ற தங்க நாணயம் ஒன்றை, "பழுதுபார்க்காதது" என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்து ஒரு வியாபாரி எனக்கு விற்றார். அது துளையை அடைத்த நாணயம்.

ஏஞ்சலின் ஒரு பக்கம் புனித மிக்கேல் பறவைநாகத்தைக் குத்துவார், மறுபக்கம் கப்பல். முழு எடை சுமார் 5.18 கிராம், ஏறக்குறைய 99.5 சதவீதம் தங்கம். கழுத்தில் கட்டி வரும் கண்டமாலை நோய், அரசர் கை பட்டால் தீரும் என்று அன்று நம்பினார்கள். தொட்ட பிறகு நோயாளியின் கழுத்தில் ஓர் ஏஞ்சலைக் கட்டிவிடுவார்கள். அதனால்தான் துளையிட்ட ஏஞ்சல்கள் இன்றும் கிடைக்கின்றன. யாரோ ஒரு நோயாளி நம்பிக்கையோடு அணிந்திருந்த நாணயமாக அது இருக்கலாம். துளை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் துளையுள்ள நாணயத்துக்குரிய விலைக்கு ஆசையோடு வாங்கியிருப்பேன். விலை கூட வேண்டும் என்பதற்காக அந்த வரலாற்றையே அடைத்து மறைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடைத்ததும் தங்கத்தால்தான், அதனால் எடையில் பிடிபடாது. மிக்கேலின் தலைக்கு மேலே, எழுத்து வட்டத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்து உருவாக்கிய நாணயத்தில் எழுத்தின் ஓரம் மழுங்கலாக, உலோகம் வழிந்து நிரம்பியதுபோல் எழும்பி நிற்கும். என்னுடையதில் இரண்டு எழுத்துகளின் ஓரம் மட்டும் கத்திபோல் கூர்மை, சுற்றிலும் உளிக் கீறல்; அதாவது அடைத்த பிறகு கையால் செதுக்கிய எழுத்துகள். பொற்கொல்லர் ஒருவரிடம் காட்டினேன். பொடி (உலோகத்தை ஒட்டவைக்கும் பற்றுக் கலவை) வைத்துப் பற்றவைத்த வளையக் கோட்டை உடனே காட்டிவிட்டார். உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே கருவியில் வைத்தபோது அந்த இடத்தில் மட்டும் செம்பு கூடுதலாகக் காட்டியது. சாய்வான வெளிச்சத்தில் லேசான சிவப்பும் தெரிகிறது.

வியாபாரியிடம் போனால், "பழைய நாணயத்துக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார். அப்படி ஒரு சட்டமே இல்லை. வியாபாரி சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம். 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். எனவே ரசீதில் "துளை அடைக்கவில்லை, நகையாக அணிய வளையம் பற்றவைக்கவில்லை" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். நான் கெடுவுக்குள் கடிதம் கொடுத்தும் பணம் வரவில்லை. சரி என்று சிறு வழக்குப் பிரிவில் மனு போட்டிருக்கிறேன், ரசீதும் எக்ஸ்ரே அறிக்கையும் அதோடு போயிருக்கின்றன.