கடவுச்சீட்டு: இடுப்பிலா, விடுதிப் பெட்டகத்திலா?

வெளிநாட்டில் ஊர் சுற்றக் கிளம்பும்போது கடவுச்சீட்டை ஆடைக்குள் கட்டும் இடுப்புப் பையில் வைத்துக்கொள்வதா, விடுதி அறையின் பெட்டகத்தில் பூட்டிவிட்டுச் செல்வதா என்பது, பலர் நினைப்பதைவிடக் கவனமாக எடுக்க வேண்டிய முடிவு. பிக்பாக்கெட் திருடர்கள் பல இடங்களில் கூட்டாக இயங்குகிறார்கள். மெட்ரோ ரயிலின் கதவு மூடும் நேரத்தில் ஒருவர் இடித்துக் கவனத்தைத் திருப்ப, இன்னொருவர் பையைத் திறந்துவிடுகிறார். சட்டைக்கு அடியில் இறுகக் கட்டிய பையை அவர்களால் எளிதில் எட்ட முடியாது என்றாலும், டிக்கெட் வாங்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே பணம் எடுத்தால், அது இருக்கும் இடத்தை நாமே காட்டிக்கொடுக்கிறோம். அன்றாடச் செலவுக்கான பணம் வேறிடத்தில் இருக்க வேண்டும். கத்தியைக் காட்டி மிரட்டினால் அந்தப் பையும் போய்விடும். அப்போது எதிர்க்காமல் கொடுத்துவிடுவதே உயிருக்கு நல்லது.

பெட்டகத்தில் இந்த அச்சம் இல்லை. ஆனால் அவசரத்துக்கு அதைத் திறக்கும் வழி விடுதி நிர்வாகத்திடம் இருக்கும். ஜப்பானிலோ, சுற்றுலாப் பயணிகள் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால், அங்கே இந்தத் தேர்வுக்கே இடமில்லை. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், நகலை எடுத்துக்கொண்டு அசலைப் பெட்டகத்தில் வைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். அசல் தொலைந்தால், தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் கிடைக்கும்வரை பயணமே நின்றுவிடும்.