சிறப்புத் தேவை உள்ளவர்களின் பல் சிகிச்சை: ஒப்பந்தம் யாருக்குப் போக வேண்டும்?

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் பல் சிகிச்சைக்கான பணமும் பொறுப்பும் 2023 ஏப்ரலில் வட்டார சுகாதார வாரியங்களின் கைக்கு வந்தன. ஐசிபி என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிற அந்த வாரியங்கள் அப்போது 42 இருந்தன. சாதாரணப் பல் சிகிச்சையோடு இன்னொரு சேவையையும் இவை ஒப்பந்தம் போட்டு வாங்கியாக வேண்டும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், கற்றல் குறைபாடு, கடுமையான மனநோய், மறதிநோய் என ஏதோ ஒரு காரணத்தால் பக்கத்துத் தெருப் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார முடியாதவர்களுக்கான சேவை அது. பால் பல் முழுக்கச் சொத்தையாகி, பயத்தில் வாயே திறக்காத சின்னக் குழந்தைகளும் இங்கேதான் வருகிறார்கள்.

இந்தச் சேவையை மூன்று விதமாக வாங்கலாம். ஊருக்குள் இருக்கும் தனியார் கிளினிக்குகளில் கூடுதல் பயிற்சி பெற்ற டாக்டர்களிடம் வாங்கலாம். பெரிய மருத்துவமனையின் பல் பிரிவிடம் வாங்கலாம். இதற்கென்றே நடக்கும் சமூகப் பல் மருத்துவச் சேவையிடம் மொத்தமாகவும் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான் இவற்றை ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: ஆறு வயதில் உள்ளே வந்த ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்கு, பதினாறு வயது தாண்டியதும் என்ன ஆகும்?

சாதாரண ஒப்பந்தம் ஏன் போதாது

2006 முதல் இங்கிலாந்தின் தெருமுனைப் பல் டாக்டர்களுக்கு என்.எச்.எஸ். பணம் கொடுப்பது யுடிஏ கணக்கில்; செய்த பல் வேலையை அளக்கும் அலகு அது. ஒரு பரிசோதனைக்கு ஒரு யுடிஏ. அடைப்பு, பல் பிடுங்குதல் போன்ற சிகிச்சைக்கு மூன்று. அதிக வேலை இருந்தால் 2022 நவம்பருக்குப் பிறகு ஐந்து அல்லது ஏழு. 2024-ல் ஒரு யுடிஏவின் குறைந்தபட்ச மதிப்பு 28 பவுண்டாக உயர்ந்தது.

இப்போது அந்த ஆறு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முதல் தடவை வாசலோடு திரும்பிவிடும். இரண்டாம் தடவை அறைக்குள் வந்து விளக்கைப் பார்க்கும். மூன்றாம் தடவை அம்மா மடியில் உட்கார்ந்து ஒரு விநாடி வாயைத் திறக்கும். மூன்று வருகையும் சேர்ந்து ஒரே பரிசோதனைதான், ஒரே யுடிஏதான். பொறுமையாக நேரம் கொடுக்கிற டாக்டர் நஷ்டப்படுகிறார். "எங்களால் முடியாது, வேறு இடம் எழுதித் தருகிறேன்" என்பவர் தப்பிக்கிறார். டாக்டர்களின் மனசைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படிப் போடப்பட்டிருக்கிறது. ஆகவே மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சிறப்புச் சேவைக்கு யுடிஏ கணக்கில் காசு கொடுக்கவே கூடாது. நேரத்துக்கோ, அரை நாள் அமர்வுக்கோ, நோயாளியின் சிக்கலுக்கோ கொடுக்க வேண்டும்.

ஊர் கிளினிக்கா, பெரிய மருத்துவமனையா?

என்.எச்.எஸ். வழிகாட்டிகள் சிகிச்சையின் சிக்கலை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. முதல் படி எந்தப் பல் டாக்டரும் செய்யக்கூடியது. இரண்டாம் படிக்குக் கூடுதல் பயிற்சியும் அங்கீகாரமும் வேண்டும். மூன்றாம் படி, பதிவுபெற்ற நிபுணருக்கோ, மருத்துவமனையின் மூத்த நிபுணரான கன்சல்டண்டுக்கோ உரியது. சிறப்புத் தேவைப் பல் மருத்துவம் தனி நிபுணத்துவமாக அங்கீகாரம் பெற்றது 2008-ல்தான்.

இரண்டாம் படி டாக்டரை ஊர் கிளினிக்கிலேயே வைத்து, வாரத்தில் சில அமர்வுகளுக்குப் பணம் கொடுப்பது முதல் வழி. வாரியங்களுக்கு இது பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. கட்டடம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, சீக்கிரம் தொடங்கலாம், பஸ்ஸில் போய்விடலாம். பயம் மட்டுமே பிரச்சினையாக இருக்கும் குழந்தைக்கு இது நிஜமாகவே நல்ல வழி. சொத்தையான பால் கடைவாய்ப் பல்லை ஊசியும் இல்லாமல், குடையவும் செய்யாமல், ஸ்டீல் மூடி போட்டு அடைத்துவிடும் ஹால் முறை இருக்கிறது. சொத்தையின் மேல் பூசி அதை நிறுத்திவைக்கும் வெள்ளி ஃபுளோரைடு மருந்து இருக்கிறது (பூசிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்). மூக்கில் சிரிப்பு வாயு கொடுத்துப் பதற்றத்தைத் தணிக்கலாம். இவ்வளவும் ஊருக்குள்ளேயே கிடைத்தால் பல குழந்தைகள் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கே போக வேண்டியிருக்காது.

ஆனால் சிரிப்பு வாயு வேலை செய்ய, குழந்தை முகமூடியை ஏற்றுக்கொண்டு மூக்கால் மூச்சு விட வேண்டும். முகத்தில் ஒரு விரல் பட்டாலே துடித்துப்போகும் பிள்ளைக்கு அது நடக்காது. சக்கர நாற்காலியோடு சேர்த்துப் பின்னால் சாய்க்கும் மேடை, படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கி வைக்கும் கருவி, கேர் ஹோமுக்கு (பராமரிப்பு இல்லத்துக்கு) எடுத்துப்போகும் கையடக்கச் சாதனங்கள் போன்றவற்றில் ஒரு சிறு கிளினிக் பணம் போடுவது அபூர்வம். இன்னொரு ஆபத்து ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சுலபமான கேஸ்களை கிளினிக் எடுத்துக்கொண்டு, கஷ்டமானவர்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். பணம் கீழே நிற்கும், வரிசை மேலே நீளும்.

பெரிய மருத்துவமனையைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. லண்டனில் ஈஸ்ட்மன், லிவர்பூலில் ஆல்டர் ஹே மாதிரியான இடங்களின் கன்சல்டண்டுகள் இல்லாமல் முடியாது. இதய நோய், ஹீமோஃபிலியா, புற்றுநோய் சிகிச்சை, பிளவுபட்ட அண்ணம் என்று வரும் பிள்ளைக்கு அங்கேதான் எல்லா டாக்டர்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைப் பார்த்து சுத்தம் செய்ய, கார்ன்வாலிலோ கம்ப்ரியாவிலோ இருக்கும் குடும்பம் நகரத்துக்கு வர முடியுமா? மருத்துவமனை ஒரு சிகிச்சையை முடித்து அனுப்புவதற்கான இடம். வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள அது கட்டப்படவில்லை.

சமூகப் பல் மருத்துவச் சேவை

மூன்றாவது வழிதான் என் தேர்வு. குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சேவைகளில் டாக்டர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். எத்தனை பல் அடைத்தார்கள் என்பது அவர்களுடைய வருமானத்தைத் தீர்மானிப்பதில்லை. குழந்தையும் பெரியவரும் ஒரே கிளினிக்குக்கு வருகிறார்கள். சிறப்புப் பள்ளிக்கும் கேர் ஹோமுக்கும் போகிறார்கள். நோயாளிகள் எவ்வளவு சிக்கலானவர்கள் என்பதைக் காட்ட பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கம் வடிவமைத்த ஒரு அளவுகோல் இருக்கிறது. பேசிப் புரிந்துகொள்ளும் திறன், ஒத்துழைப்பு, உடல்நிலை, வாய் நோய் ஆபத்து, வந்துபோகும் வசதி, சட்ட மற்றும் நெறிமுறைச் சிக்கல் என்று ஆறு தலைப்புகளில் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடலாம். வாரியம் ஒப்பந்தத்தில் இந்த மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கினால், பணம் யாருக்காகச் செலவானது என்று தெரியும். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டால், சுலபமானவர்களைப் பார்த்து எண்ணிக்கையை ஏற்றுவதற்கு வழி விட்டதாகிவிடும்.

குறை என்ன? நிபுணர்கள் பற்றாக்குறை, பழைய கட்டடங்கள், நீண்ட காத்திருப்பு. அதிலும் ஒரு மறைவான விஷயம் உண்டு. 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற என்.எச்.எஸ். இலக்கு, கன்சல்டண்ட் தலைமையிலான சிகிச்சைக்குத்தான் பொருந்தும். சமூகச் சேவை பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வராது. அதனால் மருத்துவமனைப் பட்டியலில் காத்திருக்கும் குழந்தை புள்ளிவிவரத்தில் தெரியும், சமூகச் சேவையின் பட்டியலில் காத்திருக்கும் குழந்தை தெரியாது. மாதாமாதம் அந்தப் பட்டியலைத் தனியாக எண்ணித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இது தீரும்.

இந்தச் சேவையை நடத்துபவர்களிலும் இரண்டு வகை. வட லண்டனின் விட்டிங்டன் ஹெல்த் போல என்.எச்.எஸ். டிரஸ்ட் (மருத்துவமனைகளை நடத்தும் அரசு அமைப்பு) நடத்துவது ஒன்று. பெட்ஃபோர்டைத் தலைமையிடமாகக் கொண்டு ஊழியர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் சமூக நிறுவனம் நடத்துவது இன்னொன்று. டிரஸ்டிடம் சொந்தமாக தியேட்டரும் மயக்க டாக்டரும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதன் ஆயிரம் கவலைகளில் பல் கடைசிக் கவலையாகிவிடலாம். சமூக நிறுவனத்துக்குப் பல்தான் முழு நேரக் கவலை, ஆனால் பணபலம் குறைவு. 2025 ஏப்ரலில் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டுத் தொகை 15 சதவீதமாக ஏறியபோது அரசுத் துறைக்கு ஈடு கிடைத்தது, இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டில் ஒன்றை எல்லா ஊருக்கும் பொதுவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். தியேட்டர் நேரத்தை யார் எழுத்தில் உறுதி செய்கிறார்களோ, அவர்கள் பக்கம் சாய்வேன்.

தியேட்டர்தான் முடிச்சு

முழு மயக்கத்தில் பல் சிகிச்சை செய்வதை மருத்துவமனைக்குள் மட்டுமே அனுமதிப்பது என்று 2000-ல் வந்த ஓர் அறிக்கைக்குப் பிறகு முடிவானது. 2002 தொடக்கத்திலிருந்து அதுதான் நடைமுறை. பாதுகாப்புக்காக எடுத்த சரியான முடிவு. விளைவு என்னவென்றால், சமூகச் சேவையின் பல் டாக்டர் வேறொருவரின் தியேட்டரில் நேரம் கேட்டு நிற்க வேண்டும். படுக்கை இல்லை, மயக்க டாக்டர் லீவு என்றால் அன்றைய பல் பட்டியலைத் தள்ளிவைப்பது சுலபமான வழியாகத் தெரியும். 2022-23-ல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இங்கிலாந்து மருத்துவமனைகளில் பல் பிடுங்கிய நிகழ்வுகள் 47,581. அதில் 31,165 சொத்தையால். ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வதற்கான முதல் காரணமே இதுதான்.

வாரியங்கள் இதைப் பார்த்துவிட்டு "பல் பிடுங்கும் பட்டியல்" என்று மட்டும் வாங்கிவிடுகின்றன. குட்டி நேரத்தில் நிறையப் பேரை முடிக்கலாம், கணக்குக்கு அழகாக இருக்கும். நல்ல உடல்நிலையில் உள்ள ஏழு வயதுக் குழந்தைக்கு அது போதும். ஆனால் இருபது வயதில், பேச்சில்லாத, வலியைச் சொல்லத் தெரியாத ஒருவருக்கு வாயைச் சரியாகப் பார்ப்பதே மயக்கத்தில்தான் முடியும். அவருக்கு எக்ஸ்ரே, சுத்தம், அடைப்பு, தேவைப்பட்டால் பிடுங்குதல் எல்லாம் ஒரே மயக்கத்தில் நடக்க வேண்டும். கூடவே இரத்தப் பரிசோதனை, காது பார்ப்பது, நகம் வெட்டுவதுகூட அந்த நேரத்திலேயே முடிந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு நிம்மதி! இதற்கு நீண்ட தியேட்டர் நேரம் வேண்டும். பிடுங்கும் பட்டியல் மட்டும் இருந்தால், காப்பாற்றக்கூடிய பல்லும் போய்விடும். மிச்சம் வைத்த சொத்தைக்காக மறுபடி மயக்கம் கொடுக்க நேரும். இரண்டு வகைப் பட்டியலையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக விலை பேசாத ஒப்பந்தம் குறைபட்டது என்றே சொல்வேன்.

பதினாறு வயதுக் கதவு

குழந்தைகள் பல் மருத்துவம் பொதுவாகப் பதினாறோடு முடிகிறது, அதன் பிறகு சிறப்புத் தேவைப் பிரிவு. வாரியம் இவை இரண்டையும் வெவ்வேறு ஆட்களுக்குக் கொடுத்தால், பத்து வருடம் பழகிய முகத்தையும் அறையையும் விட்டு, பிள்ளை இன்னொரு பட்டியலின் கடைசியில் போய் நிற்க வேண்டும். மாற்றமே தாங்காத பிள்ளைக்கு இது சிகிச்சையே நின்றுபோவதற்குச் சமம்.

சட்டமும் அதே வயதில் மாறுகிறது. மனத்திறன் சட்டம், 2005 பதினாறு வயதிலிருந்து பொருந்துகிறது. பதினெட்டு ஆகிவிட்டால் அம்மாவோ அப்பாவோ பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டு ஒப்புதல் தர முடியாது. பிள்ளையால் முடிவெடுக்க முடியாவிட்டால், அவருடைய நலனுக்கு எது சிறந்தது என்று சிகிச்சை தருபவர்கள் குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டும். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் நம் தமிழ்ப் பெற்றோருக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்கிறது. "நான் பெத்த பிள்ளைக்கு நான் சொல்ல முடியாதா" என்ற கேள்விக்குப் பின்னால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்தப் பேச்சைத் தமிழில் நடத்த மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாக ஏற்பாடு செய்யும். கேட்டு வாங்குங்கள், தம்பி தங்கையை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

ஒரே சேவையில் குழந்தைப் பிரிவும் பெரியவர் பிரிவும் இருந்தால் பதினான்கிலேயே இதைப் பேசத் தொடங்கலாம். நான் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்க இதுதான் முதல் காரணம்.

அப்புறம், டெண்டர் விட வேண்டுமா என்ற கேள்வி. 2024 ஜனவரியில் வந்த புதிய விதிகளின்படி, நன்றாக நடக்கும் சேவையை டெண்டர் இல்லாமலே தொடரலாம், அல்லது போட்டிக்கு விடலாம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க தரம், மதிப்பு, ஒருங்கிணைப்பு, எல்லோருக்கும் எட்டும் வசதி, சமூகப் பயன் என்று ஐந்து அளவுகோல்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போட்டிக்கு விட்டால் நிபுணர்கள் நிலையாக நிற்க மாட்டார்கள், பயிற்சி டாக்டர்களும் வர மாட்டார்கள். நல்லபடி நடப்பதைத் தொடர விடுவதும், மோசமாக நடப்பதைத் துணிந்து போட்டிக்கு விடுவதும் சரி.

என்னைக் கேட்டால், குழந்தை, பெரியவர் இருவருக்குமான ஒரே ஒப்பந்தத்தைச் சமூகச் சேவைக்கு நீண்ட காலத்துக்குக் கொடுக்கலாம். அதே சேவையின் மேற்பார்வையில், பயந்த குழந்தைகளுக்காகச் சில ஊர் கிளினிக்குகளுக்கு அமர்வுக் கணக்கில் பணம் தரலாம். மருத்துவமனைக்குக் கன்சல்டண்ட் வேலை மட்டும் போகட்டும். வாரியம் மக்கள் கருத்தைக் கேட்கும்போது பெற்றோர் வலியுறுத்த வேண்டிய ஒரு வரி உண்டு. சிகிச்சை முடிந்ததும் நோயாளியை "டிஸ்சார்ஜ்" செய்து மறுபடி ஊர் டாக்டரிடம் அனுப்பும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஊர் டாக்டரால் பார்க்க முடியாதவர்களை அந்த விதியிலிருந்து விலக்கி, அவர்களுக்குத் தொடர் பரிசோதனைத் தேதி கொடுத்தே அனுப்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.