ஆடிக் காற்றில் டிரையத்லான்: 9,204 ரூபாய் கட்டி ஏமாந்த கதை

ராமேஸ்வரம் பக்கம் ஆடி மாதத்தில் டிரையத்லான், கடல் நீச்சல் என்று எதற்காவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. புகார் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் பெயரைக் கமெண்ட்டிலும் கேட்க வேண்டாம். பெயர் தெரிவதை விட, எப்படிச் செய்தார்கள் என்று தெரிவது உங்களுக்கு உபயோகம். நாளைக்கே வேறு பேனரில் வருவார்கள்.

நான் மதுரைக்காரன். வயது 43, எடை 58 கிலோ. எடையை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும். வார நாளில் ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளம், ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் ரோட்டில் சைக்கிள். கடலில் போட்டி என்றால் அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று, சென்னைப் பக்கம், மாசி மாதத்தில். அன்றைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்தது. அதை வைத்துக் கடலே அப்படித்தான் என்று நினைத்தது என் தப்பு.

மார்ச்சில் விளம்பரம் கண்ணில் பட்டது. தனுஷ்கோடி ரோட்டில் ஒலிம்பிக் தூரம்: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். ‘மேடே இல்லாத பாதை, உங்கள் பெஸ்ட் டைமிங் இங்கேதான்’ என்று கொட்டை எழுத்தில். மேடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ரெண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு உருப்படியாக ஒரு மரம் கிடையாது, மாதமோ ஆடி. அந்த ரோட்டில் மேடு எதற்கு, காற்று போதாதா? அதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரி இல்லை.

கட்டணம் 7,800, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 9,204 ரூபாய். 12 மீட்புப் படகு, 6 கயாக், வண்டி வராமல் ரோட்டை மூடுவோம், சிப் டைமிங் (காலில் கட்டும் சிப்பை வைத்துத் தானாக நேரம் குறிப்பது), ஆம்புலன்ஸ். கடைசியாக ஒரு வரி: ‘வானிலை ஒத்துழைக்காவிட்டால் மாற்றுத் தேதி உறுதி.’ அந்த வரியை நம்பித்தான் கட்டினேன். அம்மா மட்டும், “ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, நீ சைக்கிளத் தூக்கிட்டுப் போறேங்குற”என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

சனிக்கிழமை நம்பர் வாங்கப் போனபோது டீக்கடையில் ஒரு மீனவப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எங்கே நீச்சல் என்று கேட்டார். கையைக் காட்டினேன். “தெக்குக் கடல்லயா எறங்குறீக? கச்சான் எடுத்துப் பத்து நாளாச்சே. வடக்க பாருங்க தம்பி, கெணறு மாதிரி கெடக்கு.”

விஷயம் இதுதான். தனுஷ்கோடியில் ரோட்டுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊர்க்காரர்கள் தெற்கை ஆண் கடல், வடக்கைப் பெண் கடல் என்பார்கள். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கு பொங்கும், வடக்கு அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் தலைகீழ். காற்றாடி கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்குகிறார்களே, அந்தக் கைட் சர்ஃபிங் ஆட்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வருவதே இந்தக் காற்றுக்காகத்தான். நீச்சல் பாதையைக் காட்டும் மிதவையை ரோட்டைத் தாண்டி வடக்கே போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்திருக்கும். ஏன் தெற்கே என்று ஒரு வாலண்டியர் பையனைக் கேட்டேன். மேடையும் ஸ்பான்சர் ஆர்ச்சும் அந்தப் பக்கம் போட்டாகிவிட்டதாம்.

சாயங்காலம் விளக்கக் கூட்டம். எழுந்து கேட்டேன்: “காத்து எத்தனை கிலோமீட்டர் தாண்டினா நீச்சலை நிறுத்துவீங்க?” மைக் பிடித்தவர் சிரித்துக்கொண்டே, “பாசிட்டிவா யோசிங்க சார்” என்றார். கூட்டம் கை தட்டியது. நானும் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குக் கொடுத்திருந்த எச்சரிக்கை என் போனிலேயே இருந்தது: மன்னார் வளைகுடாவில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுமானி வைத்திருந்தார்கள், காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. 1914-ல் திறந்த பாலத்துக்கே ஒரு எண் இருந்தது. இவர்கள் கையில் ‘பாசிட்டிவ்’ மட்டும்தான்.

வெளியே வந்தால் வாடகை சக்கரக் கடை, அவர்களே ‘பார்ட்னர்’ என்று போர்டு மாட்டியது. 80 மில்லிமீட்டர் உயர ரிம் வைத்த கார்பன் சக்கரம் ஜோடி, ரெண்டு நாளைக்கு 3,500, டெபாசிட் 15,000. “காத்தக் கிழிச்சுக்கிட்டுப் போகும் சார்.” ஆசைதான். போட்டோவில் நன்றாக இருக்குமே என்றும் நினைத்தேன், மறைப்பானேன். வாடகைக்கு எடுத்துவிட்டேன். எதிர்க்காற்றில் அந்த ரிம் கிழித்துக்கொண்டு போகும், சரி. பக்கவாட்டில் அடித்தால் அது பாய்மரம். அதிலும் முன்சக்கரம் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புவது. ஒரு வீச்சு வந்தால் ஹேண்டிலையே பிடுங்கும், ஆள் எடை குறையக் குறைய மோசம். ஹவாயில் கோனா அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லான் போட்டியில் டிஸ்க் சக்கரத்தை, அதாவது கம்பி தெரியாமல் தட்டு மாதிரி முழுக்க மூடிய சக்கரத்தை, பல வருடம் தடை செய்து வைத்திருந்தது குறுக்குக் காற்றுக்காகத்தான். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனைக்கு ரோடு தென்கிழக்காகப் போகிறது, கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. நேர் குறுக்கு. அந்த ரோட்டில் வாடகைக்கு விடுகிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. என் எடையை அவர் கேட்கவே இல்லை. யோக்கியமான கடைக்காரர் என்றால் “உங்க எடைக்கு முன்னாடி சாதாச் சக்கரமே இருக்கட்டும் சார், பின்னாடி மட்டும் மாத்திக்கோங்க” என்றிருப்பார்.

ஞாயிறு காலை 6 மணிக்கு ஆரம்பம் என்றார்கள். 6 மணிக்குக் காற்று கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. அப்போதே விட்டிருந்தால் தப்பித்திருப்போம். மிதவை கட்டி முடியவில்லை என்று இழுத்து இழுத்து 7.40-க்குத்தான் சைரன் ஊதினார்கள். அதற்குள் கடல் முழுக்க வெள்ளை நுரை. மிதவைகளுக்கு நங்கூரம் என்ன தெரியுமா? சிமெண்ட் சாக்கில் மணலைப் போட்டுக் கட்டிய மூட்டை. அலை அடிக்க அடிக்க மூட்டை நகர, மிதவை கரையைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது. முதல் பிரிவில் இறங்கிய என்னை நீரோட்டம் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது, வாட்சில் 1,960 மீட்டர் காட்டியது. கடைசிப் பிரிவு வருவதற்குள் ரெண்டாவது மிதவை இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்துவிட்டது. நடந்தே அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கூட வந்த நண்பருக்கு 900 மீட்டர். ரெண்டு பேருக்கும் சான்றிதழில் 1,500.

எனக்கு மூச்சு வாங்க வலப்பக்கம் மட்டும்தான் திரும்பிப் பழக்கம். அன்றைக்கு அலையும் வலப்பக்கம்தான். திரும்பி வாயைத் திறந்தால் காற்றுக்குப் பதில் உப்புத் தண்ணீர். நாலு முறை குடித்தபின் மல்லாந்து கிடந்து இருமினேன், அப்போது படகைத் தேடினேன். 12 படகு இல்லை. ரெண்டே வத்தை (சின்ன மீன்பிடிப் படகு), அதில் ஒன்றில் கேமராக்காரர். கயாக் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சற்றுத் தள்ளி ஒரு பெண் கையைத் தூக்கியபடியே இருந்தார், வத்தை திரும்பவில்லை. கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு மீனவப் பையன்கள் லாரி டியூபோடு குதித்துப் போய் இழுத்து வந்தார்கள். அவர்களுக்கு யாரும் ஒரு பாட்டில் தண்ணீர்கூடக் கொடுத்ததாகத் தெரியவில்லை. (இனி நீந்தப் பழகுகிறவர்கள் ரெண்டு பக்கமும் மூச்சு வாங்கப் பழகுங்கள். குளத்தில் இது வேண்டாத வேலையாகத் தெரியும்.)

சைக்கிள் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை. 2017-ல் திறந்த ரோடு, 9.5 கிலோமீட்டர். போக வர ரெண்டு சுற்று என்றால் 38-தான் வருகிறது, 40 எங்கே என்று இப்போது கேட்டு என்ன? போகும்போது காற்று வலப்பக்கம். வண்டியை வலப்பக்கம் சாய்த்தபடியேதான் ஓட்ட முடிந்தது. மணல் கெண்டைக்காலில் ஊசி ஊசியாக ஏறியது. சங்குக் கடை, மீன் வறுவல் கடை என்று கொட்டகைகள் வரிசையாக வரும் இடத்தில் காற்று சட்டென்று நிற்கும், சாய்ந்திருந்த வண்டி அந்தப் பக்கமே விழப் பார்க்கும். நிமிர்த்துவதற்குள் கொட்டகை முடிந்து ஓங்கி ஒரு அறை விழும். இதற்கு நடுவே, மூடுவதாகச் சொன்ன ரோட்டில் 8 மணியிலிருந்து சுற்றுலா வேன்கள். எதிரே ஒரு வேன் கடக்கும்போது காற்று மறைந்தது, வேன் போனதும் முன்சக்கரத்தை இடப்பக்கம் பிடுங்கியது. மணலில் போய் விழுந்தேன். முழங்கை, முட்டி தேய்ந்தது. ரிம்மின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

எனக்கு அதோடு போனது. எனக்கு முன்னால் விழுந்த ஒருவருக்குக் காரை எலும்பு முறிவு. அரிச்சல்முனைப் பக்கம் நம் போன்களுக்குச் சிக்னல் எடுக்காது, சில நேரம் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் வரும். வாலண்டியர்களிடம் வாக்கிடாக்கி இல்லை. ஒரு பையன் பைக்கில் போய்ச் சொல்லி, வேன் நெரிசலைத் தாண்டி ஆம்புலன்ஸ் வர 40 நிமிடம். அதுவரை ஒரு மீன் கடைக்கார அம்மா தன் சேலையை மடித்துக் கையைக் கட்டிவிட்டு, கொட்டகைக்குள் உட்கார வைத்திருந்தார்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது, 10-ஐ 6 ஆக்கிவிட்டார்கள். அதுவும் திரும்பும் இடத்தில் நின்றவர் வாயால் சொல்லித்தான் தெரியும்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. என் வயதுப் பிரிவில் எனக்கு 3-வது இடம்! நீச்சல் நேரத்தைப் பார்த்தால் 11 பேருக்கு ஒரே மாதிரி 42.00. சிப்பைப் படிக்கத் தரையில் போடும் விரிப்பு வேலை செய்யவில்லை, எக்செலில் கையால் அடித்திருக்கிறார்கள். மெடலைக் கழுத்தில் போட்டுவிட்டு, “பாசிட்டிவா முடிச்சிட்டீங்க சார்” என்றார், அதே மைக் பிடித்தவர்.

சக்கரக் கடைக்காரர் 15,000 டெபாசிட்டில் 11,000 பிடித்துக்கொண்டார், ‘புது ரிம் விலை’ என்று. பில் கேட்டேன், இன்றுவரை வரவில்லை. அந்தக் கீறல் விழுந்த ரிம் அடுத்த வாரமே வேறு யாருக்கோ வாடகைக்குப் போயிருந்தது, அவர் போட்டிருந்த போட்டோவில் பார்த்தேன். நடத்தியவர்களிடம் பணம் கேட்டதற்கு அடுத்த வருடப் போட்டிக்கு 40 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். தேதியைப் பார்த்தேன். அதுவும் ஆடிதான்.

திங்கட்கிழமை அவர்கள் பக்கத்தைத் திறந்தால் ‘மாற்றுத் தேதி உறுதி’ என்ற வரியைக் காணோம். மார்ச்சில் பணம் கட்டியபோது நண்பருக்கு அனுப்ப எடுத்த ஸ்கிரீன்ஷாட் தற்செயலாகக் கிடைத்தது, இல்லாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை. நீங்கள் தற்செயலை நம்ப வேண்டாம், கட்டுகிற அன்றே முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். கட்டுவதற்கு முன் ஒரு மெயில் போடுங்கள்: எந்தப் பக்கக் கடல், காற்று எத்தனையைத் தாண்டினால் நீச்சல் ரத்து, ரத்தானால் பணம் எவ்வளவு திரும்பும், படகு எத்தனை. போனில் சொன்னால் கணக்கில்லை, எழுத்தில் வர வேண்டும். எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். சக்கரம் வாடகைக்கு எடுத்தால் வாங்கும்போதே ரிம்மை நாலு பக்கமும் வீடியோ எடுங்கள்.

“நாமதான் எது நடந்தாலும் எங்க பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டோமே” என்று பலர் என்னிடம் சொன்னார்கள். போட்டோம்தான். அதற்காகச் சேவைக் குறைபாட்டுக்குப் புகார் கொடுக்க முடியாது என்று ஆகிவிடாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன், பதில் இல்லை. பிறகு இ-ஜாக்ரிதி தளம் வழியாக மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். மெடலையும் மனுவில் ஆவணமாகச் சேர்த்திருக்கிறேன்.

அதே போட்டியில் இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வாட்சில் பதிவான நீச்சல் தூரத்தை அழித்துவிடாமல் எனக்கு அனுப்புங்கள். இதுவரை 14 பேருடையது வந்திருக்கிறது, 640 மீட்டரிலிருந்து 2,100 வரை. 1,500 என்று ஒருவருக்குக்கூட இல்லை.