லாரிப் படுதா கடையில் செஸ்னாவுக்கு உறை தைத்த அனுபவம்

கிருஷ்ணகிரி சேலம் ரோட்டுப் பக்கம் ஒரு தார்ப்பாய்க் கடை. லாரிப் படுதா, டெம்போ கவர், மாங்காய் மண்டிக்குப் பந்தல் துணி, இதுதான் அங்கே வேலை. கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே.

என் தம்பி கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறான். இன்னும் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 172 வாங்கினான், நாலு பேர் உட்காருகிற சின்ன விமானம். ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, வாடகை கட்டுப்படியாகவில்லை என்று வெட்டவெளியில் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஜனவரியில் அங்கே மைனஸ் 30 வரை போவதெல்லாம் சகஜம். நமக்கு மார்கழிப் பனிக்கே மப்ளர் வேண்டும். இறக்கை மேல் படிகிற உறைபனி உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்குமாம், அந்த அளவு சொரசொரப்பே தூக்கு விசையில் 30 சதவீதம் வரை குறைத்துவிடும், காற்றின் இழுவையை 40 சதவீதம் வரை கூட்டிவிடும். அதை முழுக்க எடுக்காமல் கிளப்பக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏணி போட்டுச் சுரண்டுவதற்குப் பதில் உறை போட்டுவிட்டால் பனி உறையோடு போய்விடும். ரெடிமேடாகவும் கிடைக்கிறது, முழு செட் விலையைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் போட்டான். "அண்ணா, நம்ம ஊர்ல லாரிக்குத் தைக்கிறாங்களே, கேட்டுப் பாரேன்."

கேட்டேன். பாய் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் சின்ன விமானம் இறங்குவதைப் பார்த்திருக்கிறாராம். தம்பி அனுப்பிய வரைபடத்தை கவுன்டர் மேல் விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 36 அடி. உடம்பை ஒட்டிய இடத்தில் அகலம் 5 அடி 4 அங்குலம், நுனிக்குப் போகும்போது 3 அடி 8 அங்குலமாக ஒடுங்குகிறது. "பைஜாமா காலு மாதிரி சார், ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார். பின் இறக்கையில் பனி சேர்ந்தால் வால் தரையில் உட்கார்ந்து மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும் என்று நான் சொல்ல ஆரம்பித்ததுமே, பின்பக்கம் லோடு கூடினால் முன்சக்கரம் தூக்குகிற கதை என்று அவரே முடித்துவிட்டார்.

துணிதான் பெரிய பஞ்சாயத்து. அவரிடம் இருந்தது மூன்று வகை: நீல பாலித்தீன் ஷீட், பிவிசி பூசிய கனத்த படுதா, பூச்சுப் போட்ட பாலியஸ்டர். மூன்றிலும் ஒரு முழம் வாங்கி, நனைத்து மடித்து, பக்கத்து வீட்டு ஐஸ்கிரீம் கடைக்காரரின் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தேன். மைனஸ் 18தான், வின்னிபெக் இல்லை. காலையில் எடுத்தால் பிவிசி அட்டை மாதிரி விறைத்து நின்றது, மடிப்பை விரித்தபோது வெள்ளையாக ஒரு கோடு. நீல ஷீட் அப்பளம் மாதிரி மொறமொறவென்று சத்தம் போட்டது. பாலியஸ்டர் மட்டும் உதறியதும் ஐஸ் உதிர்ந்து பழைய துணியாகிவிட்டது. அந்தத் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது பாய், இத்தனை வருஷத்தில் துணியை ஃப்ரீசரில் வைத்த முதல் ஆள் நான்தான் என்றார்.

தையல் பற்றிக் குறை சொல்லவே முடியாது. ரெட்டைத் தையல், ஓரமெல்லாம் நாடா வைத்து மடித்தது, கயிறு இழுக்கிற இடத்தில் இன்னொரு துணி ஒட்டு. கண்ணாடி மூடுகிற உறைக்கு உள்ளே ஃபிளானல் கொடுத்தார். அந்தக் கண்ணாடி நிஜக் கண்ணாடி இல்லை, அக்ரிலிக், காற்றில் துணி உராய்ந்தாலே கீறல் விழும். எஞ்சினுக்குப் பஞ்சு வைத்த போர்வை வேண்டும், கிளம்புவதற்கு முன்னால் ஹீட்டர் போட்டுச் சூடாக்கினால் சூடு உள்ளேயே நிற்க வேண்டும். இலவம் பஞ்சு போடலாம் என்றார் பாய். எண்ணெய் ஊறினால் என்ன ஆகும் என்று தம்பி பயந்ததால் பாலியஸ்டர் பஞ்சு. அப்புறம் நாங்கள் கேட்காமலேயே, காற்றின் வேகம் அளக்கிற பிடோ குழாய்க்கு ஒரு குட்டிப் பை தைத்து அதில் நீளமாக சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார், லாரியில் கம்பி வெளியே நீட்டினால் கட்டுவோமே அதே மாதிரி. கழற்ற மறந்து பறந்தால் வேகமுள் வேலை செய்யாது, அதனால் விமானக்காரர்களும் சிவப்பு நாடாதான் கட்டுகிறார்கள். அவருக்கு இது தெரியாது, பழக்கத்தில் செய்தது.

இப்போது குறை. மூன்று வாரம் என்றார், ஏழு வாரம் ஆயிற்று. ஐப்பசி மழை பிடித்ததும் லாரிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள், நம்முடையது மூலைக்குப் போய்விட்டது. உறை அங்கே போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே பனி கொட்டியிருந்தது. இரண்டாவது, பிளாஸ்டிக் பக்கிள். நல்லதாகப் போடுங்கள் என்று சொல்லியும் மலிவானதைப் போட்டிருக்கிறார், முதல் வாரத்திலேயே குளிரில் இரண்டு உடைந்தது. வால் உறையில் வெல்க்ரோ வேண்டவே வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன், அதையும் வைத்திருந்தார். பனித்தூள் அடைத்துக்கொண்டால் அது ஒட்டாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது தளர்ச்சி விஷயத்தில். லாரிப் படுதா கொஞ்சம் லூசாக இருந்தால்தான் கட்ட வசதி, அந்தக் கணக்கிலேயே இதற்கும் நாலு அங்குலம் கூடுதலாக விட்டுவிட்டார். அங்கே காற்று அடிக்கும்போது அது படபடவென்று அடித்துப் பெயிண்டைத் தேய்க்கிறது. தம்பி இறக்கைக்கு அடியில் மூன்று நாடா கூடுதலாகப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறான், மைனஸ் 20ல் கையுறையோடு. என்னைத்தான் திட்டினான்.

மொத்தச் செலவு கூரியரோடு சேர்த்துமே அங்கத்திய ரெடிமேட் விலையில் பாதிக்குக் கீழே. அதனால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போவதென்றால் ஆடி, ஆவணியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள், பக்கிளை நீங்களே வாங்கிப் போங்கள், அளவை அடி அங்குலத்தில் எழுதி "லூஸ் வேண்டாம்" என்று அவர் முன்னாலேயே துணியில் சாக்பீஸில் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது.